பிஸ்கட் டப்பாவுக்குள் முந்நூறு காசு

கேள்வி, சுருக்கமாக: "என் தாத்தா சைகோனில் பிரெஞ்சு அரசாங்க வேலையில் இருந்தவர். புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டைப் பாகம் பிரித்தபோது அவருடைய பிஸ்கட் டப்பா என் பங்குக்கு வந்தது. உள்ளே ஏறக்குறைய முந்நூறு காசுகள். ஓரத்தைக் கடித்தது போல ஒன்று, தலைகீழாக அச்சானவை சில, முகம் உள்வாங்கிய ஒன்று, ராமர் பட்டாபிஷேகம் போட்ட கம்பெனிக் காசு ஒன்று, 1939 என்று போட்ட ரூபாய் ஒன்று, பெரிய வெள்ளிக் காசுகள் ஐந்து, நடுவில் ஓட்டை விழுந்தவை நிறைய. இவற்றில் எவை பிழையாக அச்சானவை, எவை பழுதானவை, எவை போலி? சிலவற்றின் படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்; புளி போட்டுத் துலக்கி மறுபடியும் படம் எடுத்து அனுப்பட்டுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். புளி வேண்டாம், சாம்பல் வேண்டாம், விபூதி வேண்டாம், பல் துலக்கும் பசையும் வேண்டாம். எங்கள் வீட்டில் ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அப்பாவின் செப்புக் காசுகளை அம்மா புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று அடுக்கிவைப்பார். பத்து வருடத்தில் ராணி விக்டோரியாவுக்கு மூக்கே இல்லாமல் போய்விட்டது. துலக்கிய செம்பு ஒருவித இளஞ்சிவப்பாக, உரித்த தோல் போலத் தெரியும். நாணயம் சேர்ப்பவர் அதை மூன்றடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். விலையைப் பாதியாக்கித்தான் பேச ஆரம்பிப்பார். மண்ணோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டு, துடைக்காமல் பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். அது போதும்.

இனி விஷயத்துக்கு வருவோம். கடலூரில் ஒரு வங்கியின் பணப் பிரிவில் முப்பது வருடம் காசு எண்ணியவன் நான். எவ்வளவு விசித்திரமான காசு கைக்கு வந்தாலும் என்னை நானே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இது நாணயச்சாலைக்கு உள்ளே நடந்ததா, வெளியே நடந்ததா? உள்ளே நடந்தது பிழை. அதற்குக் கூடுதல் விலை உண்டு. வெளியே நடந்தது பழுது, அல்லது யாரோ ஒருவரின் கைவேலை. இதற்கு விடை சொல்ல, காசு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும். உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுவார்கள். அந்த வில்லையின் ஓரத்தை ஓர் இயந்திரம் சுற்றிலும் நெருக்கி, வரப்பு போல உயர்த்தும். பிறகு ஒரு வளையத்துக்குள் வில்லையை வைத்து மேலும் கீழும் இரண்டு அச்சுகளால் ஒரே அடி. இந்த மூன்று கட்டத்தில் ஏதோ ஒன்றோடு பொருந்தாத கோளாறு எதுவானாலும் அது வெளியே நடந்தது என்று தைரியமாகச் சொல்லிவிடலாம்.

உங்களுடைய கடிபட்ட காசையே எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் 1950களின் ஒரு காசு, வலப்பக்கம் பிறை வடிவில் ஒரு துண்டு இல்லை. தகட்டை வெட்டும்போது அது சரியாக நகராமல் போனால், ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் அடுத்த வெட்டு விழும். வில்லை பிறை கடித்தது போல வரும். இது உண்மையான பிழை. ஆனால் ஓர் அரமும் அரை மணி நேரமும் இருந்தால் யாரும் வீட்டிலேயே இதைச் செய்துவிடலாம். எப்படிப் பிரித்தறிவது? கடிபட்ட இடத்தைப் பார்க்காதீர்கள். அதற்கு நேர் எதிரே உள்ள ஓரத்தைப் பாருங்கள். ஓரத்தை நெருக்கும் இயந்திரம் வில்லையை இரண்டு பக்கமும் பிடித்து உருட்டுகிறது. ஒரு பக்கம் துண்டு இல்லாத இடம் வரும்போது அழுத்தம் கிடைக்காது. அதனால் நேர் எதிர்ப்பக்கத்திலும் வரப்பு எழும்பாமல் மழுங்கி நிற்கும். கடிகாரத்தில் மூன்று மணி இடத்தில் கடி என்றால் ஒன்பது மணி இடத்தில் வரப்பு தேய்ந்தது போல இருக்க வேண்டும். அரத்தால் ராவியவனுக்கு இந்தச் சங்கதி தெரியாது. தெரிந்தாலும் செய்ய முடியாது. நான் உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்பது மணி இடத்தில் வரப்பு மழுங்கியிருக்கிறது. கடியின் அருகே எழுத்துகளும் அந்தப் பள்ளத்தை நோக்கி மெல்லச் சரிந்து இழுபட்டிருக்கின்றன. டப்பாவில் உள்ள பிழைக் காசு என்று என்னால் அடித்துச் சொல்ல முடிந்தது இது ஒன்றுதான். பத்திரமாக வையுங்கள்.

தலைகீழாக அச்சானவை என்று எட்டுக் காசுகளுக்குப் படம் அனுப்பியிருக்கிறீர்கள். எட்டும் பிரெஞ்சுக் காசுகள். இதில் பிழை எதுவும் இல்லை. நம் சட்டைப்பையில் இருக்கும் இந்திய ரூபாயின் மேல்முனையையும் கீழ்முனையையும் இரண்டு விரலால் பிடித்துச் சுழற்றினால் இரண்டு பக்கமும் நிமிர்ந்தே இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் ஃபிராங்கையும் சரி, சைகோனை உள்ளடக்கிய இந்தோசீனக் காலனியின் காசுகளையும் சரி, ஒரு பக்கம் நிமிர்ந்தால் மறுபக்கம் கவிழ்ந்து நிற்கும்படிதான் அச்சடித்தார்கள். இடமும் வலமுமாகப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள், சரியாக வரும். இது அவர்கள் வழக்கம். புதுச்சேரியில் இந்த இரண்டு வழக்கக் காசுகளும் ஒரே டப்பாவில் கிடப்பதால் "பிரெஞ்சுக்காரன் தப்பாக அடித்த காசு" என்று ஒரு கதை ஊருக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நானும் பள்ளிக்கூட வயதில் நம்பினேன். இரண்டு வழக்கத்துக்கும் இடையில், பத்து மணி பக்கமோ நான்கு மணி பக்கமோ சாய்ந்து நின்றால் மட்டும் எழுதுங்கள். அச்சு இறுக்கம் தளர்ந்து சுழன்றிருக்கிறது என்று பொருள்.

ஓட்டைக் காசுகளையும் இதே வேகத்தில் முடித்துவிடலாம். 1943 முதல் 1947 வரை பிரிட்டிஷ் இந்திய அரசு காலணாவை நடுவில் பெரிய ஓட்டையோடுதான் வெளியிட்டது. போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடித்தார்கள். "ஓட்டைக் காலணா" என்று நம் பாட்டிமார் வையும்போது சொல்லுவது இதைத்தான். உங்கள் டப்பாவில் இன்னொரு வகை ஓட்டையும் இருக்கிறது: இந்தோசீனாவின் ஒரு சென்ட் காசு, 1896 முதலே ஓட்டையோடு வந்தது. பிரான்சின் சிறு சாந்தீம் காசுகளும் முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து ஓட்டையோடு வந்தவை. இவற்றில் தேட வேண்டியதே வேறு: ஓட்டை இல்லாத காலணா, அல்லது ஓட்டை நடுவைவிட்டு நகர்ந்து எழுத்தைத் தின்ற காலணா. அவை பிழை. ஓட்டையின் உட்சுவர் எந்த இடத்திலும் கீறலில்லாமல் ஒரே சீராக இருந்தால் நாணயச்சாலை வேலை. ஒரு பக்கம் பிசிறு மேலெழும்பியிருந்தால் பிற்பாடு யாரோ துளைத்தது. இரும்புக் கடைகளில் வாஷர் வாங்குவதைவிட ஓட்டைக் காலணா போடுவது மலிவு என்று அந்தக் காலத்தில் பலர் அதையே போல்ட்டில் மாட்டினார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். உங்களிடம் உள்ள நாற்பது ஓட்டைக் காசுகளில் மூன்றின் முகம் வட்டமாகத் தேய்ந்திருப்பதற்கு அது காரணமாக இருக்கலாம்.

முகம் உள்வாங்கிய காசு கொஞ்சம் சுவாரசியமானது. ஒரு பக்கம் மன்னர் தலை வழக்கம்போல மேடாக இருக்கிறது. மறுபக்கம் அதே தலை கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறிப் பள்ளமாக இருக்கிறது. நாணயச்சாலையில் இப்படி நடப்பதுண்டு. அடித்த காசு வெளியேறாமல் ஓர் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வில்லை வந்து விழும்போது, ஒட்டிய காசே அச்சாகி, தன் முகத்தைப் பள்ளமாகப் பதித்துவிடும். இதற்கு நல்ல விலை உண்டு. ஆனால் பட்டறையில் இரண்டு காசுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து பட்டறைப் பிடியில் இறுக்கினாலும் பள்ளம் விழும். வித்தியாசம் இதுதான். அசலில் பள்ள முகத்துக்கு அடியில் வேறு உருவத்தின் சுவடே இருக்காது. அது வெறும் வில்லையின் மேல் விழுந்த முதல் அடி. பட்டறை வேலையில் ஏற்கெனவே இருந்த எழுத்து, மாலை, ஆண்டு எல்லாம் நசுங்கி, பள்ளத்தின் அடியில் பேய் போலத் தெரியும். உங்கள் காசில் மன்னரின் கன்னத்துக்குக் கீழே "ருபீ" என்ற ஆங்கில எழுத்துகளின் மிச்சம் தெரிகிறது. ஆகவே பட்டறை. பையன்கள் யாராவது செய்திருப்பார்கள். தண்டவாளத்தில் காசு வைத்து ரயில் ஏறிய பிறகு பொறுக்கிய தலைமுறை அல்லவா.

1939 ரூபாயைப் பற்றிக் கொஞ்சம் வலியோடு எழுத வேண்டியிருக்கிறது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1938 ரூபாய் சாதாரணமாகக் கிடைக்கும். 1939 மிக மிக அரிது. இரண்டுக்கும் இடையே ஒரே ஓர் எண்தான் வித்தியாசம் என்பதால், 8இன் கீழ்வயிற்றின் இடப்பக்கத்தைச் சுரண்டி 9 ஆக்குவது பழைய தொழில். எனக்கு இருபத்து நான்கு வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து அப்படி ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, 9இன் வால் மற்ற மூன்று எண்களின் உயரத்துக்கு இல்லை. அதைச் சுற்றியுள்ள தரை மட்டும் பளிங்கு போல வழவழப்பாக இருந்தது. மற்ற இடமெல்லாம் ஐம்பது வருட அழுக்கும் நுண்கீறலும். அழுக்கு ஒரே சீராகப் படியும், ஓர் எண்ணைச் சுற்றி மட்டும் படியாமல் இருக்காது. அடுத்த ஞாயிறு போனேன். விற்றவரைக் காணோம், வேறு யாரோ செருப்பு விற்றுக்கொண்டிருந்தார். அந்த ரூபாய் இன்றும் என்னிடம் இருக்கிறது. புதிதாகச் சேர்க்க வருகிற பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

உங்களுடையதைப் படத்தை வைத்து முடிவு சொல்ல மாட்டேன். பத்து மடங்கு காட்டும் நகை ஆசாரியின் கண்ணாடியில், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்து, அந்த 9ஐ மட்டும் பாருங்கள். சுற்றிலும் கீறல் இருக்கிறதா, எண்ணின் அடிக்கும் தரைக்கும் நடுவே கோடு தெரிகிறதா? சில சமயம் வேறு காசிலிருந்து 9ஐ வெட்டி ஒட்டுவதும் உண்டு. அப்போது எண்ணைச் சுற்றி மயிரிழை போல ஓர் இடைவெளி ஓடும்.

காந்தத்தை ஒருமுறை எல்லாக் காசின் மேலும் ஓட்டிப் பாருங்கள். 1947 ரூபாய், பின்புறம் புலி நடக்கும் காசு, ஒட்டினால் பதறாதீர்கள். அது வெள்ளி அல்ல, தூய நிக்கல், ஒட்டத்தான் வேண்டும். ஒட்டாவிட்டால்தான் சந்தேகம். அதற்கு முந்தைய வெள்ளி ரூபாய் எதுவும் ஒட்டக் கூடாது. 1940க்கு முந்தைய ரூபாய் 11.66 கிராம், ஒரு தோலா. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதன் பிறகு வெள்ளி பாதியாகக் குறைந்தது. அதனால் 1942, 1944 ரூபாய்கள் தேய்ந்த இடத்தில் மங்கலான மஞ்சள் காட்டினால் அதைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இனி ஐந்து பெரிய வெள்ளிக் காசுகள். கதிர்முடி சூடிய பெண் அமர்ந்திருக்கிறாள், பின்புறம் மாலைக்குள் "பியாஸ்தர் தெ கொமெர்ஸ்" என்று எழுதியிருக்கிறது. இந்தோசீனாவின் வணிகப் பியாஸ்தர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் சைகோன் போய் வந்த குடும்பம் என்றால் அலமாரியில் இது குறைந்தது இரண்டு இருக்கும். காவல், நீதிமன்றம், சுங்கம், சிறை என்று அந்தக் காலனி நிர்வாகத்தில் நம் ஊர்க்காரர்கள் ஏராளம். சம்பளம் வாங்கிய காசு, கடல் கடந்து வந்து தங்கிவிட்டது. ஆனால் அண்மைக்காலத்தில் இந்தக் காசின் போலிகளும் ஏராளமாக வந்து குவிந்திருக்கின்றன. சுற்றுலா போய் வந்த பேரன், தாத்தா டப்பாவில் தானும் ஒன்றைப் போட்டு வைத்திருந்த கதையும் எனக்குத் தெரியும்.

இந்தக் காசின் அழகு, தன் எடையைத் தானே சொல்லும் என்பதுதான். 1895க்குப் பிறகானவற்றில் வெள்ளியின் தரம் 0.900 என்றும் எடை 27 கிராம் என்றும் பிரெஞ்சில் அச்சடித்திருக்கும். அதற்கு முந்தையவற்றில் எடை 27.215 கிராம். போலி அடிப்பவன் இந்த எழுத்தையும் அப்படியே நகல் எடுத்துவிடுகிறான்; ஆனால் வெள்ளியை நகல் எடுக்க முடியாது. நகைக்கடைத் தராசில் வைத்தால், நெற்றியில் 27 கிராம் என்று எழுதிக்கொண்டு 23 காட்டும். கையெழுத்துப் போட்ட பொய்.

சில போலிகள் கொஞ்சம் புத்திசாலித்தனமாக எடையைச் சரியாகக் காட்டும். அதற்கு வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. நூறில் ஒரு கிராம்வரை காட்டும் சிறிய மின்தராசு வேண்டும். காசை முதலில் உலர்ந்த நிலையில் எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சிறிய தம்ளரில் தண்ணீர் வைத்து, அதைத் தராசில் ஏற்றி, எண்ணைச் சுழியமாக்குங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, தம்ளரின் அடியிலும் ஓரத்திலும் படாமல் முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். கை நடுங்கக் கூடாது. ஒரு கரண்டிக் காம்பைத் தம்ளருக்கு மேலே குறுக்காக, தராசைத் தொடாமல் இரண்டு புத்தகக் கட்டின் மேல் வைத்து அதில் நூலைக் கட்டுவது நல்லது. தராசு காட்டும் எண், காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. உலர்ந்த எடையை அந்த எண்ணால் வகுங்கள். 27 கிராம் பியாஸ்தருக்குத் தராசு 2.6 பக்கத்தில் காட்ட வேண்டும், வகுத்தால் 10.3 வரும். 9க்குக் கீழே வந்தால் உள்ளே பித்தளையோ செம்பும் நிக்கலும் கலந்த வெள்ளை உலோகமோ இருக்கிறது, மேலே மட்டும் வெள்ளிப் பூச்சு. நீங்கள் படம் அனுப்பிய ஐந்தில் நான்கின் ஓரப் பற்கள் சீப்பு போலச் சீராக இருக்கின்றன. ஐந்தாவதில் ஓர் இடத்தில் பற்கள் நெருங்கியும் ஓர் இடத்தில் அகன்றும் நிற்கின்றன. பெண்ணின் மடியிலும் குமிழி வெடித்தது போல நுண்பள்ளங்கள். வார்ப்பில் வரும் காற்றுக் குமிழிகள் அவை. அச்சில் அடித்த காசில் வராது. எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை.

நான்காவதில் சீன எழுத்து போன்ற ஒரு சின்னக் கொத்து முத்திரை விழுந்திருக்கிறது. அதைப் பழுது என்று எழுதியிருக்கிறீர்கள். வணிகன் ஒருவன் வெள்ளியைச் சோதித்து, "என் பொறுப்பு" என்று குத்திய முத்திரை அது. நம் பக்கத்துச் சராப்புகளும், அதாவது காசைச் சோதித்து மாற்றித் தரும் வணிகர்களும், ரூபாயில் இப்படிக் குத்துவார்கள். இப்படிப்பட்ட வெட்டுக் காயத்தை நான் குறையாக எண்ணுவதில்லை. 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த ரோமானியப் பொற்காசுப் புதையலில், பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளியால் ஒரு வெட்டு இருந்தது. ஏன் வெட்டினார்கள் என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். வெட்டு இல்லாவிட்டால் அந்தக் காசுகளைப் பற்றி இவ்வளவு பேச்சும் இருந்திருக்காது.

கையால் அடித்த பழைய காசுகளுக்கு மேலே சொன்ன எந்த விதியும் பொருந்தாது என்பதை மறந்துவிடாதீர்கள். உங்களிடம் உள்ள ஏழு சின்னச் செப்புக் காசுகள் ஒன்றுபோல் ஒன்று வட்டமாக இல்லை. எழுத்தும் நடுவில் இல்லை. ஒரு பக்கம் பிரெஞ்சு அரசரின் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழில் புதுச்சேரி என்று இருக்கிறதா? பிரெஞ்சுக்காரர்கள் இங்கே அடித்த துட்டு அது. அவர்கள் ஏட்டில் "தூதூ" என்று எழுதினார்கள். வெள்ளியில் அடித்ததை "ஃபனோன்" என்றார்கள், நம்முடைய பணம்தான். வில்லை சின்னது, அச்சு பெரியது; பாதி எழுத்து வெளியே போவது அந்தக் காசின் இயல்பு. ஓரம் விரிந்திருப்பதும் அப்படித்தான். "நகர்ந்து அச்சான அரிய பிழை" என்று யாராவது விலை ஏற்றிச் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அதேபோல, பாரசீக எழுத்துள்ள தடித்த ரூபாயில் ஒரு பிறை தெரிந்தால், அது ஆற்காட்டு ரூபாய் மாதிரியில் புதுச்சேரியில் அடித்தது. 1736இல் ஆளுநர் தூய்மா நவாபிடம் அனுமதி வாங்கிய பிறகு தொடங்கிய வேலை. அதிலும் முழு வாசகம் கிடைக்காது. கிடைத்தால் அதுதான் ஆச்சரியம்.

ராமர் பட்டாபிஷேகம் போட்ட "கம்பெனிக் காசு" என்று ஒன்று. 1818, அரையணா, பின்புறம் "யு.கே.எல்" என்று ஆங்கில எழுத்து. தூக்கி ஓரமாக வையுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி சாமி உருவம் போட்டதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மதராஸில் அடித்த தங்க வராகனில் பெருமாள் உண்டு, அந்தப் பழக்கத்தில்தான் மக்களும் இதை நம்பிவிடுகிறார்கள். ஆனால் இயந்திரத்தில் அடித்த கம்பெனி அரையணா 1835இலும் 1845இலும் வந்தது. அதில் சிங்கங்களும் கேடயமும்தான். உங்களிடம் உள்ளது பிற்காலத்தில் யாரோ பூசை அறைக்கும் பொருட்காட்சிக்கும் செய்து விற்ற வில்லை. இதைத் தூக்கிக்கொண்டு "அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் இருக்கிறது, கோடி ரூபாய்" என்று ஒரு கும்பல் இங்கும் சுற்றுவதுண்டு. அரிசிக்குள் இரும்புத் தூள் வைத்தால் எந்தக் காந்தமும் இழுக்கும். அவர்களை வீட்டுத் திண்ணையில்கூட உட்காரவைக்க வேண்டாம்.

வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சம் தருகிறோம் என்று வரும் தொலைபேசி அழைப்பும் அதே இனம். பழைய காசை வாங்க ரிசர்வ் வங்கி யாரையும் நியமிக்கவில்லை, கமிஷன் கேட்பதும் இல்லை என்று 2021இல் அந்த வங்கியே அறிவித்தது. நடுப்பகுதி கழன்று வந்த பத்து ரூபாயை "பிழைக் காசு" என்று உங்கள் தம்பி எடுத்து வைத்திருக்கிறார் என்றீர்கள். சூடாக்கிச் சுத்தியால் தட்டினால் யாருடையதும் கழலும். உள்வட்டம் நகர்ந்து, அந்த எல்லையின் மேலும் உருவம் தடையில்லாமல் அச்சாகியிருந்தால் மட்டும் பேசலாம்.

பழுதுகளில் இரண்டை மட்டும் அவசரமாகக் கவனிக்க வேண்டும். கடற்கரை ஊரில் உப்புக் காற்று செம்பைத் தின்னும். மூன்று காலணாவில் வெளிர்பச்சைத் தூள், விரலில் ஒட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது நோய், பக்கத்துக் காசுக்கும் பரவும். அவற்றை இன்றைக்கே தனியாகப் பிரித்து, சிலிக்கா பொட்டலத்தோடு இறுக்கமான டப்பியில் போடுங்கள். மொத்த உடம்பிலும் இறுகிப் படிந்த கரும்பச்சை வேறு. அது காசின் தோல், அதைத் தொட வேண்டாம். இரண்டாவது, தாத்தாவின் பழைய ஆல்பம். மெத்தென்ற பிளாஸ்டிக் உறைக்குள் காசு பிசுபிசுவென்று பச்சையாக இருந்தால் அந்த உறைதான் குற்றவாளி. உறையை எறிந்துவிட்டு, காசைக் கலப்படமில்லாத அசிட்டோனில் நனைத்து எடுத்து உலரவிடுங்கள். அடுப்பு எரியும் இடத்தில் செய்யாதீர்கள். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் இருக்கும், அது உதவாது.

விற்பதைப் பற்றி: பாரிசில் இருக்கும் உங்கள் சித்தப்பா அங்கே நல்ல விலை கிடைக்கும், எடுத்து வா என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. துட்டும் பிறை ரூபாயும் பழைய பியாஸ்தரும் அந்தக் கணக்கில் வந்துவிடும். விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்த்த பிறகு வருத்தப்படுவதில் பயனில்லை. உள்ளூரிலேயே, நாணயம் சேர்ப்பவர்களின் சங்கக் கூட்டங்களில் நான்கு பேரிடம் காட்டி விலை கேளுங்கள். முதல் ஆளிடம் விற்காதீர்கள், அந்த முதல் ஆள் நானாகவே இருந்தாலும்.

ஒன்று பாக்கி. 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாய், பன்னிரண்டு மணி இடத்தில் ஓரத்தில் ஒரு சின்ன உலோகக் கட்டி, அதைச் சுற்றி நிறம் மாறிய திட்டு. "அச்சில் உலோகம் பிதுங்கிய பிழையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அச்சு உடைந்து உலோகம் பிதுங்கினால் அந்த மேடு காசின் முகத்தில், வரப்போடு சேர்ந்து எழும்பும். உலோகமும் அதே நிறத்தில் இருக்கும். இது ஓரத்தின் பற்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது, கீழே பற்கள் தொடர்ந்து ஓடுவது தெரிகிறது. நிறம் மாறியது நெருப்புப் பட்டதால். வளையம் வைத்துப் பற்றவைத்து, பிறகு அறுத்து எடுத்த தடம் அது. இந்த ரூபாய் ஒரு காலத்தில் யாருடைய கழுத்திலோ காசுமாலையில் தொங்கியிருக்கிறது. ராணியின் கன்னம் தேய்ந்திருப்பதும் சந்தையில் கைமாறிய தேய்வு அல்ல. சந்தையில் புரண்டால் இரண்டு பக்கமும் தேயும். உங்கள் காசின் பின்புறம் அப்படியே கூர்மையாக இருக்க, முகம் மட்டும் வழுவழுப்பாகியிருக்கிறது. வருடக்கணக்காக அந்த ஒரு பக்கம் மட்டும் புடவையில் உரசியிருக்க வேண்டும்.

சேர்ப்பவரிடம் கொண்டுபோனால் இதற்கு வெள்ளி விலைதான் சொல்லுவார். உங்கள் அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ காட்டி, வீட்டில் யார் காசுமாலை போட்டிருந்தார்கள் என்று கேளுங்கள். பழைய கல்யாணப் படம் எதிலாவது தெரியலாம். ஐந்தாவது பியாஸ்தரைத் தண்ணீரில் தொங்கவிட்டுக் கிடைக்கும் இரண்டு எண்களையும் எழுதி அனுப்புங்கள்.